பரீட்சைக்கு வந்த நெஞ்சு

மருத்துவக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாது. கடைசி வருடப் பரீட்சைக்கு மாணவர்கள் வந்தால் மட்டும் போதாது, நோயாளிகளும் வர வேண்டும். அதுவும் நோய் பளிச்சென்று தெரிகிற, வருஷக்கணக்கில் மாறாமல் இருக்கிற, இரண்டு நாள் கட்டிலில் படுக்கச் சொன்னால் முகம் சுளிக்காத நோயாளிகள். அவர்களுடைய விவரங்களை ஒரு நீளமான மரப்பெட்டியில் கார்டு கார்டாக அடுக்கி வைத்திருந்தோம். பெட்டி என் பொறுப்பு. பொது மருத்துவத் துறையின் கிளார்க் நான். பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, கெஞ்சி வரவழைத்து, கட்டில் ஒதுக்கி, போர்வை வாங்கிக் கொடுப்பது வரை எல்லாம் என் தலையில்தான் விடியும்.

வருஷா வருஷம் வருகிறவர்கள் என்பதால் அவர்களுக்குள் நல்ல பழக்கம். "என்னங்க, மண்ணீரல் இந்த வருஷமும் அப்படியேதானா?" என்று சொந்தக்காரர்களைக் கேட்பது மாதிரி கேட்டுக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் வேண்டியவர் தையலக்கா.

கல்லூரிக்குப் பின்தெருவில் ஒரு ஷட்டர் கடை, இரண்டு மெஷின், அளவு எழுதிய நோட்டு. மாணவர்களின் வெள்ளை கோட் எல்லாம் அங்கேதான் தைத்தார்கள். அதனால் எத்தனையோ வருஷத்து டாக்டர்களின் தோள் அகலம் அவருக்கு மனப்பாடம். கல்யாணம் ஆகி, ஒத்துவராமல் பிரிந்து வந்தவர். பிள்ளை இல்லை. பதினோரு வயதில் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து, போகும்போது இருதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. மாத்திரையோடு ஓடிக்கொண்டிருந்த உடம்பு. மாடி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஆனால் பரீட்சை நடத்துகிறவர்களுக்கு அந்த நெஞ்சு ஒரு புதையல்.

ஏனென்றால் அதில் ஒரு சத்தம் இருந்தது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஸ்டெதஸ்கோப்பின் சின்ன வாயை அழுத்தாமல் வைத்தால், இரண்டு துடிப்புக்கு நடுவே மிகத் தாழ்ந்த ஓர் உருளல் கேட்கும். மரப்பாலத்தின் மேல் தூரத்தில் வண்டி போகிற மாதிரி என்பார் எங்கள் துறைத் தலைவர். அவரை எல்லோரும் சீஃப் என்போம். ஐம்பத்தைந்து வயது அம்மா. கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அந்தச் சத்தம் கேட்கப் பழகிய காது வேண்டும், பழகப் பொறுமை வேண்டும், பொறுமைக்கு நேரம் வேண்டும். எங்கள் கல்லூரியில் கடைசியாகச் சொன்னது இல்லை.

வார்டில் பாடம் நடக்கும் அழகைச் சொல்கிறேன். ஒரு கட்டில், அதைச் சுற்றி நாற்பது பேர். முன்வரிசையில் ஐந்து பேருக்கு நோயாளி தெரிவார், மற்றவர்களுக்கு முன்னால் நிற்பவனின் முதுகு தெரியும். சொல்லித்தர வேண்டிய பி.ஜி. டாக்டர்கள், அதாவது மேற்படிப்புப் படிக்கும் இளம் டாக்டர்கள், ஊசி போடவும் ஃபைல் எழுதவும் ரத்தப் பரிசோதனை முடிவைத் தேடவும் ஓடிக்கொண்டிருப்பார்கள். சத்தத்தைக் கேட்காமலே சத்தத்தின் பெயரைப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் பரீட்சைக்கு நின்றார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

பரீட்சையில் மாணவருக்கு நோயாளியோடு அரை மணி நேரம். அதற்குப் பிறகுதான் எக்ஸாமினர்கள் வருவார்கள். அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், திரைக்குப் பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்குத் தெரியும், தண்ணீர் கொண்டுவருகிறவருக்கும் தெரியும். மாணவர் குனிந்து, "அக்கா, உங்களுக்கு என்ன?" என்பார். தையலக்கா கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்.

"மைட்ரல் ஸ்டெனோசிஸ், வால்வு சுருக்கம் தம்பி. என்னை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைங்க, அதை அவங்க கண்டிப்பா பாப்பாங்க. குழாயை அழுத்தாதீங்க. ஹார்ட் ஃபெயிலியர் இல்லன்னு நீங்களா சொல்லிடுங்க. கண்ணாடி போட்ட எக்ஸாமினர் காய்ச்சலைப் பத்திக் கேப்பாரு, பதினோரு வயசுலன்னு சொல்லுங்க."

நான் ஒருமுறை, "நீங்க கோட்டும் தைக்கிறீங்க, டாக்டரையும் தைக்கிறீங்க" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரித்தார். "பிள்ளைங்க எப்படி முழிக்குதுங்க பாத்தீங்களா சார். பெத்தவங்க எவ்வளவு பாடுபட்டு படிக்க வெச்சிருப்பாங்க. ஒரு வார்த்தை சொன்னா என் வாய் என்ன தேஞ்சா போயிடும்?" நானும் அதில் தப்பு எதுவும் காணவில்லை. உடந்தை என்றால் நானும் உடந்தைதான், இதை இங்கே சொல்லாமல் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அக்கா வர ஆரம்பித்த ஏழாவது வருஷம் பரீட்சைக்கு நின்ற ஒரு மாணவனைச் சுருட்டை என்று கூப்பிடுவார்கள். அப்படி ஒரு தலைமுடி. கெட்டிக்காரன்தான், புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். ஆனால் அந்த அரை மணி நேரமும் குழாயை மாற்றி மாற்றி வைத்து வியர்த்து நனைந்துபோனான். ஒன்றும் கேட்கவில்லை. தையலக்கா சொன்னார். அவன் பாஸானது மட்டுமல்ல, அந்த வருஷம் மெடிசினில் முதல் மார்க். மறுநாள் இனிப்புப் பெட்டியோடு கடைக்குப் போய், "உங்களாலதான் அக்கா நான் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தான். அந்தப் பெட்டி அட்டையைக்கூட அக்கா தூக்கிப் போடவில்லை, பொத்தான் போட்டு வைத்திருந்தார்.

அக்காவுக்கு ஒரே தங்கை. நாலு வயது இளையவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அக்காவே தாயும் ஆனார். தங்கை வீடு ஒரு மணி நேர பஸ் தூரம். பன்னிரண்டு வருஷம் பிள்ளைக்குக் காத்திருந்து, முப்பத்தேழு வயதில் அவளுக்குக் கரு நின்றது. அக்கா கால் தரையில் பாவவில்லை. பரீட்சைக்கு வந்தபோதுகூட கட்டிலில் உட்கார்ந்து குட்டிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். அது அவருக்குப் பதினோராவது பரீட்சை.

ஏழாம் மாதம் தங்கை போனில், படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை மூன்று வைத்துத் தூங்குகிறேன் என்றாள். சுருட்டை அப்போது அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக்கில் டாக்டர். அக்காவுக்கு அதைவிடப் பெரிய நிம்மதி ஏது? "நம்ம பையன்தான். முதல் மார்க் வாங்கினவன். அவன்கிட்ட காட்டு. என் அக்காவுக்கு வால்வு சுருக்கம், எனக்கும் சின்ன வயசுல காய்ச்சல் வந்துச்சுன்னு மறக்காம சொல்லு" என்று அனுப்பினார். இருவருக்கும் அந்த மழைக்காலத்தில் ஒன்றாகத்தான் காய்ச்சல் வந்தது. தங்கைக்குச் சுகமாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

தங்கை சொன்னாள். சுருட்டை குழாயை வைத்துப் பார்த்தான். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, மாசமாக இருக்கும்போது மூச்சு வாங்குவது சகஜம், ரத்தம் கொஞ்சம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தான். ஒன்பதாம் நாள் மத்தியானம் எங்கள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நுரையீரல் முழுக்க நீர். சீஃப் குழாயை வைத்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, தலையை ஆட்டினார். அக்காவுக்கு இருந்த அதே சுருக்கம், இன்னும் மோசமாக. அன்று சாயந்திரம் ஆறு மணிக்குத் தங்கை போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் போன் போட்டால் அக்கா எடுக்கவில்லை. கடை ஷட்டர் பாதி இறங்கியே இருந்தது. எனக்கு நேரில் போய்ப் பார்க்கத் துணிச்சல் இல்லை; என்னத்தைச் சொல்வது? இரண்டு மாதம் கழித்து ஒரு காலை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். சீஃபைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன்.

"மேடம், பதினோரு வருஷமா உங்க பரீட்சையில நான் விடை சொல்லிட்டு இருக்கேன்."

சீஃப் பேனாவை மூடினார். "தெரியும்மா. எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு மேடம் என்னைக் கூப்பிட்டீங்க?"

அந்த அறையில் நான் எத்தனையோ பேர் திட்டு வாங்கிப் பார்த்திருக்கிறேன். சீஃபே எழுந்து ஒருவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டதை அன்றுதான் பார்த்தேன். அக்கா நின்றபடியே பேசினார். "காது கேக்காதவருக்கு நான் முதல் மார்க் வாங்கிக் குடுத்தேன். அப்புறம் என் தங்கச்சிய அவர்கிட்டயே அனுப்பினேன். நான் ரெண்டு தப்பு பண்ணிட்டேன், எனக்குத் தெரியுது. நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு கேக்க வந்தேன்." சத்தம் போடவில்லை, அழவில்லை. நான்தான் கைக்குட்டையைத் தேடினேன்.

மூன்று வாரம் கழித்து சீஃப் என்னைக் கூப்பிட்டு, கார்டுப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். இனி இவர்கள் பரீட்சைக்கு மட்டும் வருகிறவர்கள் இல்லை, பாடத்துக்கும் வருவார்கள். ஒவ்வொரு செவ்வாயும் ஆறு கட்டில், ஆறு மாணவர், மாறி மாறி ஒரு கட்டிலுக்கு இருபத்தைந்து நிமிஷம். நோயின் பெயர் எழுதக் கூடாது. கேட்டதை எழுத வேண்டும். கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று எழுத வேண்டும், அதற்கு மார்க் குறையாது. தாள் முதலில் நோயாளி கைக்குப் போகும், பிறகுதான் சீஃப் கைக்கு. கேட்கிறது என்று சொல்கிறவர், சத்தம் வரும்போதெல்லாம் கட்டில் சட்டத்தை விரலால் தட்ட வேண்டும். சீஃப் பக்கத்தில் தன் குழாயை வைத்துச் சரிபார்ப்பார். மாணவர்களுக்கு மட்டுமல்ல, பி.ஜி.க்களுக்கும் இதுதான்.

மற்றத் துறைப் பேராசிரியர்கள் கேலி பேசினார்கள். "கேக்கலன்னு எழுதினா மார்க் குறையாதாம், இனிமே எல்லாரும் செவிடுதான்" என்றார் ஒருவர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சீஃப் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு காரியமும் செய்தார். ஆறு கட்டிலில் ஒன்றில் நோயே இல்லாத ஒருவரைப் படுக்க வைத்தார். முதல் மாதம் அந்தப் பாக்கியம் எனக்கு. ஒரு நாள் ஜுரத்தில்கூடப் படுக்காத என் நெஞ்சில், அந்த மாதம் வந்த இருபத்து நாலு பேரில் பதினேழு பேர் உருளல் சத்தம் கேட்டார்கள். நாலு பேர் வேறு ஏதோ கேட்டார்கள். மூன்று பேர்தான் எதுவும் கேட்கவில்லை என்று எழுதினார்கள். வீட்டில் சொன்னபோது மனைவி, "போய் ஒரு தடவை காட்டிடுங்களேன், பதினேழு பேரும் பொய்யா சொல்வாங்க?" என்றாள்.

பொய்தான் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தால் இல்லை. தெரியாது என்று சொல்ல அவர்களை யாரும் அனுமதித்ததே இல்லை.

தையலக்கா ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை. முன்பு கலகலவென்று பேசியவர் இப்போது வாயே திறக்க மாட்டார். பிள்ளைகள் பழக்க தோஷத்தில், "அக்கா, எங்க வெக்கணும்?" என்று கேட்டால், "தேடுங்க தம்பி" என்பதோடு சரி. ஒரு பெண் நாலு முறை வந்தும் கேட்கவில்லை என்றே எழுதி, ஐந்தாம் முறை விரலால் தட்ட ஆரம்பித்தாள். அவளை மட்டும் அக்கா தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததைப் பார்த்தேன். இரண்டாவது வருஷம், மூச்சு வாங்குவது அதிகமாகிறது என்று சீஃப் வற்புறுத்தி, தொடையிலிருந்து குழாய் விட்டு அக்காவின் வால்வை விரிக்க வைத்தார். அந்த உருளல் சத்தம் போயே போய்விட்டது. அதற்குப் பிறகும் அக்கா வந்தார். நோய் இல்லாத கட்டில் அவருடையது ஆயிற்று.

மூன்றாம் வருஷம் புது பி.ஜி. பட்டியல் என் மேஜைக்கு வந்தது. டைப் அடித்துக்கொண்டு வந்த கை நாலாவது பெயரில் நின்றுவிட்டது. சுருட்டை.

கடைக்கு நேரில் போய்ச் சொன்னேன். "வேற யாரையாவது படுக்க வெச்சுக்கறேன் அக்கா. அவரோட முறை முடியற வரைக்கும், ரெண்டு மாசம், நீங்க வர வேணாம்."

அவர் மெஷினை நிறுத்தினார். "அவருக்குத் தெரியுமா சார், என் தங்கச்சி போனது?"

"தெரிஞ்சிருக்காது. அவருக்கு அது ஒரு நாள், ஒரு பேஷண்ட்."

"அப்ப நான் வர்றேன். நான் டாக்டராக்கி விட்டவரு அவரு. இப்ப பெரிய டாக்டரா ஆகப் போறாரு. கேக்காததைக் கேட்டேன்னு இன்னும் சொல்லிட்டு இருக்காரா இல்லையான்னு நான் பாக்கணும். பாக்காம எனக்கு உயிர் போகாது."

அந்தச் செவ்வாய் பத்து மணிக்குப் புது பி.ஜி.க்கள் வரிசையாக வந்தார்கள். சுருட்டைக்கு முடி கொஞ்சம் உதிர்ந்திருந்தது, மற்றபடி அதே முகம். கட்டிலில் யார் என்று பார்த்ததும் அந்த முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, என்னை ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இவங்கதான் எனக்கு முதல் மார்க் வாங்கிக் குடுத்தவங்க" என்று கூட இருந்தவர்களிடம் சந்தோஷமாகச் சொன்னான். நல்ல பிள்ளை, நன்றி மறக்காதவன். அதைப் பார்க்க எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அக்காவை இடப்பக்கம் திருப்பினான். குழாயின் சின்ன வாயை வைத்தான். பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டு, இருபத்தைந்து நிமிஷத்தில் மிச்ச நேரம் முழுக்க நின்றபடியே எழுதினான். சத்தத்தின் தன்மை, இடம், நேரம், அது எந்தப் பக்கம் பரவாது என்பது வரைக்கும். ஒரு எழுத்து பிசகு இல்லை.

தாள் வழக்கம்போல அக்கா கைக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த இங்கிலீஷ் வார்த்தைகளை எழுத்துக்கூட்டிப் படிக்க அவருக்குத் தெரியும். படித்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"இது என் பழைய கார்டுல இருக்கறது, தம்பி. வால்வை விரிச்சு ஒரு வருஷம் ஆச்சு. அந்தச் சத்தம் இப்ப இல்ல. மேடமே தேடிப் பாத்துட்டு இல்லன்னு சொல்லிட்டாங்க."

அவன் சீஃபைப் பார்த்தான். சீஃப் ஜன்னலைப் பார்த்தார்.

"லேசா கேட்ட மாதிரி இருந்துச்சு அக்கா."

"மூணு வருஷம் முன்னாடி உங்க கிளினிக்குக்கு ஏழு மாசக் கர்ப்பமா இருந்த ஒருத்தி வந்தா. படுத்தா மூச்சு முட்டுதுன்னா. அக்காவுக்கு வால்வு சுருக்கம், எனக்கும் இருக்குமான்னு கேட்டா. நெஞ்சு சுத்தமா இருக்குன்னு சொல்லி அனுப்பினீங்க. அவ என் தங்கச்சி. உங்ககிட்ட அனுப்பி வெச்சது நான்தான்."

அவன் நினைவுபடுத்திப் பார்த்தான், முகத்தில் தெரிந்தது. எதுவும் அகப்படவில்லை என்பதும் தெரிந்தது. "அவங்க இப்ப..." என்று ஆரம்பித்தான்.

"இல்ல. ஒன்பதாம் நாள் போயிட்டா. குழந்தையும்."

அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். நான் அவன் மன்னிப்புக் கேட்பான், அல்லது கோபப்படுவான், அல்லது வெளியே போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் தரையைப் பார்த்தபடி பேசினான்.

"கேக்கல அக்கா. அன்னைக்கு எதுவுமே கேக்கல. வெளிய இருபது பேர் உக்காந்திருந்தாங்க. கேக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. பரீட்சையிலயும் கேக்கல. இப்பவும் கேக்கல. எனக்கு இந்தச் சத்தம் இதுவரைக்கும் யார் நெஞ்சுலயும் கேட்டதே இல்ல."

"இதை அவகிட்ட சொல்லியிருந்தா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு இங்க வந்திருப்பாளே" என்றார் அக்கா. இவ்வளவு நாளும் வராத அழுகை அப்போதுதான் அவருக்கு வந்தது. நர்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சீஃப் ஒரு ஸ்டூலை எடுத்து அடுத்த கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். அங்கே படுத்திருந்தது அந்தச் சத்தம் உள்ள வேறொரு பெண். "உக்காருங்க" என்றார் அவனிடம். "எழுத வேணாம். கேளுங்க."

அவன் உட்கார்ந்தான். மற்றவர்கள் அவரவர் கட்டிலுக்குப் போனார்கள், யாரும் அவனைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாயை வைப்பான், எடுப்பான், அரை அங்குலம் நகர்த்துவான், கண்ணை மூடுவான், சீஃபைப் பார்த்து இல்லை என்று தலையாட்டுவான். சீஃப் மறுபடி என்று விரலைக் காட்டுவார். என் வேலை நேரக் கணக்கு என்பதால் நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். பிறகு ஒரு கட்டத்தில் அவன் மூச்சு விடுவதை நிறுத்தினான். வலது ஆள்காட்டி விரல் சட்டத்தை ஒருமுறை தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது, மறுபடி. சீஃப் தன் குழாயை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "அதான்" என்றார்.

அவன் விரல் தட்டுவதை நிறுத்தவில்லை. முகம் முழுக்க நனைந்திருந்தது.

தையலக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "எவ்வளவு நேரம் ஆச்சு சார்?"

"இருபத்திரண்டு நிமிஷம்."

"அவ்வளவுதானா?" என்றார்.